க்ளீனர் பாதியில் நிற்கிறது, சி டிரைவ் மறுபடி நிரம்புகிறது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான். ஆறேழு வருடப் பழைய விண்டோஸ் கணினி, உள்ளே ஹார்டு டிஸ்க். இலவச க்ளீனர் மென்பொருள் ஒன்றை ஓட்டினால் பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. எப்படியோ முடிந்தாலும், காலியான இடம் இரண்டு வாரத்தில் மறுபடி நிரம்பிவிடுகிறது. கணினி ஆன் ஆகும்போது சில நாட்களில் டிரைவைச் சரிபார்ப்பதாக ஒரு கறுப்புத் திரை வருகிறது. இதைவிட நல்ல க்ளீனர் எது, காசு கொடுத்து வாங்கலாமா?

இப்போதைக்கு எந்த க்ளீனரையும் வாங்க வேண்டாம், புதிதாக எதையும் நிறுவவும் வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளில் எனக்குக் கவலை தருவது அந்தக் கறுப்புத் திரைதான். டிரைவில் கோப்பு அமைப்பு, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கு, குலைந்திருக்கலாம் என்று விண்டோஸ் குறித்து வைத்திருந்தால்தான் அது தொடக்கத்திலேயே சரிபார்க்கும். மின்சாரம் போய் கணினி திடீரென அணைந்திருந்தால் ஒருமுறை வருவது சகஜம். அடிக்கடி வந்தால் டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். க்ளீனர் பாதியில் நிற்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

க்ளீனர் செய்யும் வேலையைப் பாருங்கள். பிரவுசர் கேஷ் (வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் நகல்கள்), தற்காலிகக் கோப்புகள், லாக்குகள் என்று ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடித்தேடிப் போகிறது. டிஸ்க்கின் நாலா மூலையையும் அது தொட்டாக வேண்டும். வழியில் படிக்க முடியாத ஒரு செக்டர் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டு) வந்தால், வீட்டு உபயோக ஹார்டு டிஸ்க் உடனே கைவிடாது; பல வினாடிகள் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை க்ளீனரின் முன்னேற்றக் கோடு நகராது. நமக்கு மென்பொருள் உறைந்துபோனது போலத் தெரியும்.

இதை உறுதி செய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. க்ளீனர் நிற்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைப் பாருங்கள். ஆக்டிவ் டைம் 100 சதவீதம், ஆனால் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் சில கேபி மட்டும், சராசரி ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லி வினாடி என்று இருந்தால், டிஸ்க் வேலை செய்யவில்லை, திணறுகிறது என்று அர்த்தம். நல்ல நிலையில் உள்ள ஹார்டு டிஸ்க் அவ்வளவு நெருக்கடி இல்லாதபோது சில பத்து மில்லி வினாடிக்குள் பதில் சொல்லிவிடும். வேகம் நன்றாக இருந்து 100 சதவீதம் காட்டினால் அது வேறு கதை. ஏதோ ஒரு நிரல் நிஜமாகவே நிறைய எழுதிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த படிக்குப் போகும் முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். புகைப்படங்கள், ஆவணங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் போல மறுபடி கிடைக்காதவற்றை வெளி டிரைவ் ஒன்றுக்கு நகல் எடுங்கள். டிஸ்க்கை முழுதாக ஸ்கேன் செய்வது, டீஃப்ராக் செய்வது (சிதறிய கோப்புத் துண்டுகளைச் சேர்ப்பது) எல்லாமே ஏற்கெனவே தேய்ந்த டிஸ்க்குக்குக் கடுமையான வேலை. கடைசி மூச்சில் இருக்கும் டிஸ்க் அந்த வேலையிலேயே நின்றுபோவதுண்டு. அதனால்தான் பேக்கப் முதலில். நகல் எடுக்கும்போது ஒரு கோப்பில் சிக்கினால் அதைத் தாண்டி மற்றவற்றை எடுங்கள். சிக்கிய கோப்போடு கடைசியில் போராடலாம்.

சரி, இனி டிஸ்க்கின் உடல்நிலை. ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் ஸ்மார்ட் என்ற சுயபதிவு உண்டு. அதைப் படிக்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி போதும். எதையும் மாற்றாது, காட்டுவது மட்டும்தான். மேலே நீலத்தில் ‘குட்’ என்றோ மஞ்சளில் ‘காஷன்’ என்றோ இருக்கும். அந்த நிறத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஹார்டு டிஸ்க் என்றால் பட்டியலில் நான்கு வரிகளைத் தேடுங்கள்.

05 என்பது ரீஅலொகேட்டட் செக்டர்கள், அதாவது பழுதாகி மாற்று இடம் ஒதுக்கப்பட்டவை. சி5 என்பது பெண்டிங் செக்டர்கள். படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை. சி6, திருத்தவே முடியாமல் போனவை. இந்த மூன்றிலும் கடைசி நெடுவரிசையில் உள்ள ரா வேல்யூ பூஜ்யமாக இருப்பதுதான் நல்லது. சி5-இல் எண் இருந்தால், உங்கள் க்ளீனர் ஏன் நிற்கிறது என்பதற்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. 05-இல் சின்ன எண் இருந்து, மாதக்கணக்கில் ஏறாமல் அப்படியே நின்றால் உடனே பதற வேண்டாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும். ஒரு விஷயம்: அந்தக் கருவி ரா வேல்யூவை இயல்பாக 16 அடிமான எண்ணில் காட்டும். 10 என்று தெரிந்தால் அது பதினாறு. அமைப்பில் 10 அடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் இல்லை.

நான்காவது வரி சி7, சிஆர்சி பிழைகள். இதைப் பார்த்து டிஸ்க்கைத் தூக்கிப்போட்டவர்கள் நிறைய. உண்மையில் அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தகவல் கெட்டுப்போவதைக் காட்டுகிறது. டெஸ்க்டாப் என்றால் சாட்டா கேபிளைக் கழற்றி அழுத்தமாகச் செருகுங்கள், முடிந்தால் புதுக் கேபிள் போடுங்கள். பழைய எண் அழியாது. ஆனால் அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டால் பிரச்சினை கேபிளில்தான் இருந்தது.

என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு வரிகள் வேறு. பர்சன்டேஜ் யூஸ்டு எவ்வளவு தேய்ந்தது என்று சொல்லும், அவெய்லபிள் ஸ்பேர் எவ்வளவு உபரி மிச்சம் என்று சொல்லும், மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ் பூஜ்யமாக இருக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸின் ஸ்டோரேஜ் பகுதியில், டிஸ்க்ஸ் அண்ட் வால்யூம்ஸ் என்ற இடத்தில் என்விஎம்இ டிரைவின் மிச்ச ஆயுள் மதிப்பீட்டை விண்டோஸே காட்டும்.

ஸ்மார்ட் சுத்தமாகத் தெரிந்தாலும் ஈவென்ட் வியூவரை ஒருமுறை திறந்து, சிஸ்டம் லாக்கில் டிஸ்க், என்டிஎஃப்எஸ் என்ற பெயர்களில் வந்த எச்சரிக்கைகளைப் பாருங்கள். ஈவென்ட் 7 என்றால் பேட் பிளாக், 55 என்றால் கோப்பு அமைப்பு குலைவு, 153 என்றால் டிஸ்க் பதில் தராமல் விண்டோஸ் மறுபடி கேட்க வேண்டியதாகிவிட்டது. க்ளீனர் நின்ற அதே நேரத்தில் இவை பதிவாகியிருந்தால் மென்பொருளைக் குறை சொல்வதில் பயனில்லை.

டிஸ்க் நலமாக இருக்கிறதா? அப்படியானால் கோப்பு அமைப்பைச் சரிசெய்யலாம். டிரைவின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக். இது விண்டோஸ் ஓடும்போதே பார்த்துவிடும், தேவையிருந்தால் மட்டும் ரீஸ்டார்ட் கேட்கும். கமாண்ட் பிராம்ப்ட்டில் செக்டிஸ்க் என்ற டிரைவ் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டச் சொல்லும் குறிப்புகளில் பெரும்பாலும் ஆர் என்ற சுவிட்சைச் சேர்த்தே எழுதியிருப்பார்கள். எஃப் சுவிட்ச் கோப்பு அமைப்பின் பிழைகளை மட்டும் திருத்தும். ஆர் அதோடு நிற்காமல் டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராகப் படிக்கும். பெரிய ஹார்டு டிஸ்க்கில் பல மணி நேரம் ஆகும். சி5-இல் எண் உள்ள டிஸ்க்கில், பேக்கப் இல்லாமல், தயவுசெய்து ஆர் ஓட்டாதீர்கள். எதையும் நடுவில் பவர் பட்டனை அழுத்தி நிறுத்தவும் வேண்டாம்.

விண்டோஸின் சொந்தக் கோப்புகளே கெட்டிருக்கும் சந்தேகம் இருந்தால் டிஸ்ம் கருவியின் ரீஸ்டோர்ஹெல்த்தை முதலில் ஓட்டிவிட்டு, அப்புறம் கெட்ட விண்டோஸ் கோப்புகளை மாற்றும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டுங்கள். வரிசை முக்கியம்: எஸ்எஃப்சி மாற்றுக் கோப்பை எடுக்கும் கிடங்கைச் சரிசெய்வது டிஸ்ம்தான்.

இவ்வளவும் பார்த்து டிஸ்க் நலம் என்று தெரிந்த பிறகும் க்ளீனர் நிற்கிறதென்றால், இப்போது க்ளீனரைச் சந்தேகிக்கலாம். அதில் எல்லா டிக்குகளையும் எடுத்துவிட்டு ஒவ்வொரு வகையாகப் போட்டு ஓட்டுங்கள்; எந்த இடத்தில் நிற்கிறது என்று சீக்கிரமே தெரிந்துவிடும். அடிக்கடி மாட்டுவது பிரவுசர். சன்னலை மூடினாலும் குரோமும் எட்ஜும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம், அவை பிடித்து வைத்திருக்கும் கோப்பை அழிக்க முடியாது. டாஸ்க் மேனேஜரில் போய் நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். ஆன்டிவைரஸ் ஒவ்வொரு கோப்பையும் தொடும்போது பரிசோதிப்பதாலும் வேகம் குறையும், ஆனால் அது நின்றுபோவதல்ல, மெதுவாவது.

விண்டோஸ் அப்டேட் க்ளீனப் என்ற வகை வேறு. விண்டோஸோடு வரும் டிஸ்க் க்ளீனப் கருவியில் அதை டிக் செய்தால் ஹார்டு டிஸ்க்கில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஓடலாம், கோடு ஒரே இடத்தில் நிற்கும். டாஸ்க் மேனேஜரில் டிஐவொர்க்கர் என்ற நிரல் உழைத்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், அது முடித்துவிடும்.

காலி இடத்தைத் துடைக்கும் வசதி, அதாவது வைப் ஃப்ரீ ஸ்பேஸ், உங்கள் க்ளீனரில் டிக் ஆகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பெயரைப் பார்த்து அது இடத்தை மீட்டுத் தரும் என்று நினைக்கிறார்கள். அது செய்வது நேர் எதிர்: டிஸ்க்கில் காலியாக உள்ள இடம் முழுக்க ஒரு பெரிய கோப்பை எழுதி, அப்புறம் அதை அழிக்கும். பழைய கணினியை விற்கும் முன் செய்ய வேண்டிய வேலை அது. பல மணி நேரம் ஆகும். ‘தொங்கிவிட்டது’ என்று நடுவில் நிறுத்தினால், அந்த ராட்சதக் கோப்பு அழியாமல் தங்கி, டிரைவ் முழுவதும் நிரம்பியதாகக் காட்டும். க்ளீனர் ஓட்டிய பிறகு இடம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இனி நிரம்பும் பிரச்சினைக்கு வருவோம். க்ளீனர் அழிப்பதில் பெரும்பகுதி கேஷ். கேஷ் என்பது மறுபடி உருவாவதற்காகவே இருப்பது. நீங்கள் உலாவினால் அது திரும்ப வரும், வரத்தான் வேண்டும். சிறுபடக் கேஷை அழித்தால் அடுத்த முறை படங்கள் உள்ள ஃபோல்டர் மெதுவாகத் திறக்கும். ப்ரீஃபெட்ச் ஃபோல்டரை அழித்தால் நிரல்கள் முதல் தடவை மெதுவாகத் திறக்கும், பிறகு விண்டோஸ் அதைத் திரும்பக் கட்டும். ஆக, வாரா வாரம் இவற்றைத் துடைப்பதால் கணினி வேகமாகாது.

நிஜமாகவே இடம் எங்கே போகிறது என்று பார்க்க விஸ்ட்ரீ அல்லது வின்டிர்ஸ்டாட்டை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். பெரிய கட்டங்களாகக் கண் முன்னே காட்டிவிடும். வழக்கமாகத் தென்படுபவை: ஃபோனின் பழைய பேக்கப்புகள், அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பு, டவுன்லோட்ஸில் கிடக்கும் இன்ஸ்டாலர்கள், விளையாட்டுகள், நகல் மேல் நகலாக வீடியோக்கள். இவற்றை க்ளீனர்கள் பொதுவாகத் தொடுவதில்லை, தொடவும் கூடாது. எது தேவை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சி டிரைவின் வேரில் ஹைபர்ஃபில் என்ற பெரிய கோப்பு இருக்கும். ஹைபர்னேட்டுக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கும் அது வேண்டும். விண்டோஸ் 10, 11-இல் இயல்பாக ராமில் ஏறக்குறைய 40 சதவீத அளவு. 16 ஜிபி ராம் என்றால் 6 ஜிபிக்கு மேல். ஹைபர்னேட்டே பயன்படுத்தாதவர்கள் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் அதை அணைத்துவிட்டால் கோப்பு தானே மறையும். கையால் அழிக்க முயல வேண்டாம். ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ்ஃபைலை அப்படியே விட்டுவிடுங்கள். விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரீஸ்டோர் பாயிண்டுகளுக்கான இடத்தை சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனில் குறைக்கலாம், ஆனால் முழுதாக அணைக்காதீர்கள். முந்தைய விண்டோஸை வைத்திருக்கும் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டர் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு 10 நாளில் தானாகப் போய்விடும்.

விண்டோஸ் தன் பாகங்களைச் சேர்த்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைப் பார்த்துத்தான் பலர் அதிர்ச்சியடைகிறார்கள். அதன் அளவு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் ஹார்டு லிங்க்: ஒரே கோப்பு இரண்டு ஃபோல்டர்களில் இருப்பது போலக் காட்டப்பட்டு, இரண்டிலும் எண்ணப்படுகிறது. உண்மையில் பிடித்திருக்கும் இடம் அதைவிடக் குறைவு. அதற்குள் போய் எதையாவது அழித்தால் விண்டோஸ் அப்டேட்டே ஓடாமல் போகலாம். குறைக்க வேண்டுமென்றால் டிஸ்க் க்ளீனப்பின் அப்டேட் க்ளீனப், அல்லது டிஸ்ம்மின் ஸ்டார்ட்காம்பொனன்ட்க்ளீனப் மட்டும்.

டவுன்லோட்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் டிஸ்க் க்ளீனப்பின் பட்டியலிலேயே டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் சேர்ந்துகொண்டது. வழக்கம்போல எல்லாவற்றையும் டிக் செய்தவர்கள் சொந்தக் கோப்புகளை இழந்தார்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் அதை அங்கிருந்து எடுத்துவிட்டாலும், செட்டிங்ஸின் டெம்பரரி ஃபைல்ஸ் பக்கத்தில் டவுன்லோட்ஸ் இன்னமும் ஒரு வரியாக நிற்கிறது. எஸ்எஸ்டியில் இன்னும் கவனம் வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் தவறி அழித்ததை மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் ட்ரிம் வசதி அழித்த இடத்தை உடனே விடுவித்துவிடுவதால் மீட்பது பெரும்பாலும் நடக்காது. ஒன்டிரைவ் ஃபோல்டரில் அழித்தால் மேகத்தில் உள்ளதும் சேர்ந்து போகும். இடம் மட்டும் வேண்டுமென்றால் ரைட் கிளிக்கில் ஃப்ரீ அப் ஸ்பேஸ் கொடுங்கள்.

காசு கொடுத்து வாங்கலாமா என்று கேட்டீர்கள். விளம்பரத்தில் முதலில் நிற்பது ரெஜிஸ்ட்ரி க்ளீனர்தான். விண்டோஸும் நிரல்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் இடமான ரெஜிஸ்ட்ரியில் லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கின்றன. விண்டோஸ் தனக்கு வேண்டியதை நேராகப் போய் எடுக்கிறது, முழுவதையும் படித்துத் தேடுவதில்லை. பெரிய அகராதியில் பயன்படாத நூறு சொற்களை அடித்துவிட்டால் நீங்கள் சொல் தேடும் நேரம் குறையாது அல்லவா? அதுபோலத்தான். லாபம் இல்லை, ஆபத்து உண்டு: தேவையான ஒரு பதிவு போனால் ஏதோ ஒரு நிரல் திறக்காது, சமயத்தில் விண்டோஸே கிளம்பாது. இத்தகைய கருவிகளுக்குத் தாங்கள் ஆதரவு தருவதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்திருக்கிறது. ஏற்கெனவே ஓட்டி ஏதாவது கெட்டிருந்தால், க்ளீனர் எடுத்து வைத்த ரெஜிஸ்ட்ரி பேக்கப்பைத் திரும்பப் போடுங்கள், இல்லையேல் முந்தைய ரீஸ்டோர் பாயிண்டுக்குப் போங்கள்.

‘1,284 பிரச்சினைகள் கண்டுபிடிக்கப்பட்டன’ என்று சிவப்பில் காட்டும் ஸ்கேன்களை நம்பாதீர்கள். குக்கீ ஒவ்வொன்றையும் ஒரு பிரச்சினையாக எண்ணினால் எந்தக் கணினியிலும் அந்த எண் வரும். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019 மார்ச்சில் ஆஃபீஸ் டெப்போ, சப்போர்ட்.காம் நிறுவனங்கள் மீதான வழக்கை 3.5 கோடி டாலருக்கு முடித்தது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? தொடக்கத்தில் வாடிக்கையாளரிடம் கேட்கும் நான்கு கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு, ‘கணினி மெதுவாக இருக்கிறதா’ போன்ற ஒன்றுக்கு, டிக் போட்டுவிட்டால், ஸ்கேன் என்ன பார்த்தாலும் தீம்பொருள் அறிகுறி இருப்பதாக முடிவு வரும். 2024-இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் நிறுவனங்கள் இதே வகைக் குற்றச்சாட்டில் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. பயந்துபோன மனிதரிடம் பணம் பிடுங்கும் வேலை இது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

நேர்மையான கருவியிலும் ஆபத்து வரலாம். 2017 ஆகஸ்டில் வெளியான சிக்ளீனர் 5.33-இன் 32 பிட் பதிப்புக்குள், தயாரிப்பாளரின் சொந்த அமைப்புக்குள் புகுந்தவர்கள் பின்கதவு ஒன்றை வைத்துவிட்டார்கள். முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு அது சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போனது. செப்டம்பரில்தான் வெளியே தெரிந்தது. கணினியின் எல்லா மூலைக்கும் போகும் அனுமதி உள்ள மென்பொருள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

டீஃப்ராக் பற்றிச் சுருக்கமாக: விண்டோஸின் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் வாரம் ஒருமுறை தானாக ஓடும்படிதான் இருக்கிறது. அதைத் திறந்து மீடியா டைப் நெடுவரிசையில் உங்கள் டிரைவ் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் சிதறிய துண்டுகளைச் சேர்க்கும், எஸ்எஸ்டி என்றால் ட்ரிம் அனுப்பும். எஸ்எஸ்டிக்கு வெளி டீஃப்ராக் மென்பொருள் தேவையற்ற தேய்மானம். இரண்டிலும் 15 சதவீதமாவது காலியாக விடுங்கள்.

உங்கள் கணினிக்கு நான் செய்யச் சொல்வது: இன்று பேக்கப், உடனே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. சி5-இல் எண் இருந்தால் சுத்தம் செய்யும் எண்ணத்தையே விட்டுவிட்டு, புதிய சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். பழுதான டிஸ்க்கை அப்படியே க்ளோன் செய்தால் கெட்ட கோப்புகளும் கூடவே வரும். விண்டோஸைப் புதிதாக நிறுவி, பேக்கப்பிலிருந்து உங்கள் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்வது மேல். டிஸ்க் நலமாக இருந்தால் க்ளீனரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, தேவையற்ற கோப்புகளைத் தானாக நீக்கும் ஸ்டோரேஜ் சென்ஸை செட்டிங்ஸில் ஆன் செய்யுங்கள். ரீசைக்கிள் பின்னுக்கு 30 நாள், டவுன்லோட்ஸுக்கு ‘நெவர்’.

நான்கு வரிகளின் ரா வேல்யூவையும் பார்த்து எழுதுங்கள். 05, சி5, சி6, சி7. அந்த எண்கள் கையில் இருந்தால் அடுத்து என்ன என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.